ரெண்டாவது பக்கம்

ஆமா சார், அந்தப் போட்டோல இருக்கறது நான்தான். பள்ளிக்கூடத்து ஆபீஸ் ரூம்ல, பீரோவுக்கு மேல, கழுத்துல மெடலோட நிக்கறனே, அதுதான். எப்படி அடையாளம் கண்டுபிடிச்சீங்க? அப்ப ஒல்லியா இருப்பேன், இப்ப பாருங்க, தொப்பை. வாத்தியார் வேலைக்கு வந்து மூணு வாரம்தான் ஆச்சுங்கறீங்க. அதுக்குள்ள செவுத்துல இருக்கறதையெல்லாம் பாத்து வெச்சிருக்கீங்க.

தோள் மேல கெடக்கற கையா? கவனிச்சுட்டீங்களா?

அது செவந்தி கை சார். எங்க சடையன் சித்தப்பா மக. எனக்குத் தங்கச்சி மொறை. ரெண்டு பேரும் சேந்து நின்னு எடுத்த போட்டோ அது. அப்புறம் அவள மட்டும் கத்திரியால வெட்டி எடுத்துட்டாங்க. கைய வெட்டுனா என் தோளும் போயிடும்ல, அதனால அத மட்டும் விட்டுட்டாங்க.

ஊசி போட்டுக்கிட்டு ஓடுனான்னு அவளுக்கு நாலு வருஷம் தடை போட்டாங்க. பேப்பர்ல வந்துச்சு. அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல அவ மூஞ்சி எதுக்குன்னு எடுத்துட்டாங்க. இப்ப இருக்கற ஹெட்மாஸ்டர் இல்ல, அதுக்கு முந்தினவரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது.

இந்த பஸ் ஆத்தூர் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். உங்களுக்குத் தூக்கம் வரலைன்னா சொல்றேன். இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க வெளியூர்க்காரரு, அதான். ஆனா தப்பா நெனைக்கக் கூடாது.

உங்க பள்ளிக்கூடம் அப்ப அஞ்சாவது வரைக்கும்தான். மலையில எங்க ஈச்சங்காட்டுலேருந்து பெரிய பள்ளிக்கூடம் ஒம்பது கிலோமீட்டர். இப்பதான் ரோடு, பஸ்ஸெல்லாம். அப்ப ரெண்டு ஓடை தாண்டணும், ஒரு செங்குத்து ஏத்தம் ஏறணும். லேட்டானா ஓடுவோம். ஓட்டம்னு ஒரு வெளையாட்டு இருக்குன்னே தெரியாது சார் எங்களுக்கு. பதினஞ்சு வயசுல என்னை ஜில்லாப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. செருப்பில்லாம ஓடி முன்னாடி வந்தேன். மூச்சே வாங்கல. அங்கேருந்து அப்படியே கீழ ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு எடுத்துக்கிட்டாங்க.

ஆறு மாசம் நான் வாயே தெறக்கல. என் பேரு கரியராமன். எங்க மலைச் சாமி பேரு. ஹாஸ்டல்ல பசங்க அத 'கரி'ன்னு ஆக்கிட்டானுங்க. மொதல்ல அழுகையா வந்துச்சு. அப்புறம் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்புவேன்னு ஆயிடுச்சு. எல்லாம் பழகிடும் சார். எனக்கு எல்லாமே சீக்கிரம் பழகிடும், அதுதான் என்கிட்ட இருக்கற வியாதி.

நாலு வருஷம் கழிச்சு செவந்தியையும் எடுத்துக்கறோம்னு சொன்னாங்க. சித்தப்பா ஒத்துக்கல. சின்னம்மா செத்துப்போயி, அந்தப் புள்ளைய அவர் ஒருத்தராத்தான் வளத்தாரு.

"பொட்டப்புள்ளைய எப்படிடா தனியா அனுப்பறது?"ன்னு கேட்டாரு.

"தனியா எங்க சித்தப்பா? நான் இருக்கேன்ல"ன்னு சொன்னேன்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அனுப்பி வெச்சாரு.

அவ வந்த புதுசுல பட்ட பாட்டச் சொன்னா சிரிப்பீங்க. காலு அகலம், விரலெல்லாம் விரிஞ்சிருக்கும். எந்த ஷூவும் சேரல. கொப்புளம் வந்து ரத்தம் கட்டிக்கும். கோச் அந்தப் பக்கம் திரும்புனா ஷூவக் கழட்டி, லேஸ ஒண்ணாக் கட்டி, கழுத்துல போட்டுக்கிட்டு ஓடுவா. ஓட்ஸ் கஞ்சி குடுத்தா, இதக் கன்னுக்குட்டிக்குத்தானே வெப்பாங்கன்னு கேப்பா. அய்யாயிரம் மீட்டர்னா பன்னெண்டரை ரவுண்டு. மொதப் போட்டில எண்ணிக்கைய விட்டுட்டு பதிமூணரை ஓடிட்டா. எல்லாரும் முடிச்சுப் படுத்துட்டாங்க, இவ மட்டும் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கா. மொத்த மைதானமும் சிரிக்குது. வந்து என்கிட்ட கேட்டா, "சுத்திச் சுத்திப் பொறப்பட்ட எடத்துக்கே வர்றதுக்கு எதுக்கண்ணா இவ்ளோ அவசரம்?"

ஆனா அந்த ரவுண்டையும் சேத்து ஓடியும் அவ மொகத்துல களைப்பு இல்ல. கோச் வாட்ச்சையே பாத்துக்கிட்டு நின்னாரு. நானும் பாத்தேன். அவ வயசுல நான் அப்படி ஓடுனதில்ல சார். உண்மையச் சொல்லிடறேன், அன்னிக்கு எனக்குச் சந்தோஷமும் இருந்துச்சு, வேற ஒண்ணும் இருந்துச்சு.

என் கதை அதுக்குள்ள தேஞ்சு போயிருந்துச்சு. மலையில நான் பெரிய ஓட்டக்காரன். கீழ வந்தா என்ன மாதிரி நூறு பேர். இருவத்திநாலு வயசாச்சு, ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலை வேணும்னா ஒரு நேஷனல் மெடல் வேணும். என் நேரம் பத்து செகண்டு கூடக் கொறைய மாட்டேங்குது. அப்ப மௌலின்னு ஒருத்தரு இருந்தாரு. ஹாஸ்டலுக்குச் சம்பந்தமில்லாதவரு, ஒரு காலத்துல ஓடுனவரு. டயர் கடைக்குப் பின்னால ரூம் எடுத்து வெச்சிருந்தாரு. சீனியர் பசங்க போய்ட்டு வருவாங்க. நானும் போனேன். "வைட்டமின்டா, ரத்தத்துக்கு நல்லது"ன்னாரு. பிளாஸ்க்ல ஐஸ் போட்டு வெச்சிருந்தாரு.

நான் நம்பிட்டேன்.

இல்ல சார். உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்? நம்பல. வைட்டமின எவன் ஐஸ்ல ஒளிச்சு வெப்பான்? ஆனா அவர் வைட்டமின்னு சொன்னாரு, நானும் வைட்டமின்னு சொல்லிக்கிட்டேன். அந்த வருஷமே மெடல். போட்டோல இருக்கே, அதுதான். அந்த மெடல்லதான் இப்பப் பாக்கற கம்பெனி வேலை.

போட்டோல அவளும் ஒரு மெடல் போட்டுருந்தா. ஜூனியர்ல மொத எடம். அது அவளாவே ஓடி வாங்குனது. ஒரு சொட்டு மருந்து கெடையாது. அத நான் எங்க வேணாலும் சத்தியம் பண்ணுவேன்.

அடுத்த வருஷம் அவளுக்கு டைபாய்டு வந்துச்சு. ஒடம்பு பாதியாப் போச்சு. திரும்ப ஓட வந்தா நேரம் ஏறிக்கிட்டே போகுது. அந்த வருஷக் கடைசில ஹாஸ்டல்ல யார வெச்சுக்கறது, யார அனுப்பறதுன்னு பாப்பாங்க. அவ ஒண்ணும் பயப்படல. "போகச் சொன்னா போறேன். ஆறு மாசம் அப்பன் சோத்தத் தின்னு ஒடம்பத் தேத்திக்கிட்டு வந்து ஓடறேன்"னா. அவ செஞ்சிருப்பா. இப்ப நெனச்சா நல்லாத் தெரியுது, அவ சொன்னதுதான் சரி. ஆறு மாசம். ஆறே மாசம் சார்.

நான்தான் விடல. "மௌலி அண்ணன்கிட்ட ஒரு வைட்டமின் இருக்கு, எனக்கே போட்டாரு, வா"ன்னு கூப்பிட்டேன். அவ கேக்கவே இல்ல, நானாக் கூப்பிட்டேன்.

எதுக்குன்னு கேட்டா, தங்கச்சி நல்லா வரணும்னுதான். ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா இன்னொண்ணும் இருந்துச்சு. நான் மட்டும் போட்டுக்கிட்டு இருந்தது எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு சார். ஊருக்குப் போனா சாமி கும்பிட முடியல. செவந்தியும் போட்டுக்கிட்டா அது நெஜமாவே வைட்டமின் ஆயிடும்னு தோணுச்சு. அவ தப்பு செய்யற புள்ள இல்லையே. அவ செஞ்சா அது தப்பாயிருக்காதே. எப்படிப் போகுது பாருங்க புத்தி.

டயர் கடை ரூம்ல கைய நீட்டிட்டு, ஊசியப் பாக்காம என்னையே பாத்தா. "இது போட்டா ஒண்ணும் ஆகாதில்ல அண்ணா?" "ஒண்ணும் ஆகாது." அவ்வளவுதான் பேச்சு.

அப்புறம் வடக்க ஒரு ஊர்ல நேஷனல் மீட். எனக்கு வேலை கெடச்சு ஒரு வருஷம் ஆகல, கம்பெனி டீமுக்கு ஓடறேன், வேலை இன்னும் நிரந்தரம் ஆகல. காலைல பொண்ணுங்க அய்யாயிரம். சாயங்காலம் எங்களுது. செவந்தி மூணாவது வந்தா. கடைசி ரவுண்டுல ரெண்டு பேரத் தாண்டுனா பாருங்க, நான் கேலரில நின்னு கத்துனேன். கத்திக்கிட்டு இருக்கும்போதே பின்னால இருந்து ஒருத்தன் காதுல சொன்னான், டெஸ்ட் எடுக்கறவங்க வந்துட்டாங்கன்னு.

நீங்க பாத்திருக்கணும் சார். அஞ்சு நிமிஷம். வார்ம்-அப் கிரவுண்டு காலி. காலு சுளுக்கிடுச்சுங்கறான் ஒருத்தன், வாந்திங்கறான் ஒருத்தன். பைய எடுத்துக்கிட்டு ஆட்டோ ஏறிட்டானுங்க.

அங்க கீழ, கழுத்துல அடையாள அட்டை மாட்டுன ஒரு அம்மா செவந்திகிட்ட வந்து நிக்குது. கைல சின்ன டப்பா. என்னமோ இங்கிலீஷ்ல சொல்லுது. இவளுக்குப் பாதி புரியுது, பாதி புரியல. கேலரியப் பாத்துத் தேடுனா. என்னைக் கண்டுபிடிச்சுட்டா. அங்கேருந்தே எங்க மலைப் பேச்சுல கத்துனா.

"அண்ணா, ஒண்ணுக்குக் கேக்கறாங்க. குடுக்கட்டுமா?"

தமிழ் தெரிஞ்சவனெல்லாம் சிரிச்சான். என் பக்கத்துல இருந்தவன், "யாருடா அது?"ன்னு கேட்டான்.

நான் திரும்பிக்கிட்டேன் சார். கேக்காத மாதிரி. அப்படியே படியெறங்கி, ஸ்டேடியத்துக்குப் பின்பக்கம் செவரு ஏறிக் குதிச்சேன். குதிச்சு ஓடுனேன். ஒரு சாக்கடை ஓரமாவே ஓடுனேன், எத்தன கிலோமீட்டர்னு தெரியாது. வாழ்க்கையில அன்னிக்கு ஓடுன மாதிரி நான் ஓடுனதில்ல. ஒரு எடத்துல நின்னு திரும்பிப் பாத்தேன், யாருமே தொரத்தல. நான் ஸ்டார்ட்டுக்கே வரலைன்னு எழுதிக்கிட்டு விட்டுட்டாங்க.

அவ எனக்காக அங்கயே கொஞ்ச நேரம் நின்னுருக்கா. அப்புறம் அந்த அம்மா கூடப் போயிட்டா.

ஒண்ணரை மாசம் கழிச்சு லெட்டர் வந்துச்சு, டெல்லியிலேருந்து. ரெண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷு. எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வந்தா. "படிச்சுச் சொல்லுண்ணா"ன்னு பக்கத்துல ஒக்காந்துக்கிட்டா.

நான் பெரிய இங்கிலீஷ் இல்ல, ஆனா அது புரிஞ்சுது. மொதப் பக்கத்துல, நீ குடுத்த ஒண்ணுக்குல இன்ன மருந்து இருந்துச்சு, நாலு வருஷம் ஓடக் கூடாதுன்னு இருந்துச்சு. அதப் படிச்சுச் சொன்னேன். அவ அழல. "அந்த மருந்து என் ஒடம்புல எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டா. "மிஷின் தப்பாக் காட்டியிருக்கும்"னு சொன்னேன்.

ரெண்டாவது பக்கத்தத் திருப்பினேன். அதுல என்ன இருந்துச்சுன்னா, இந்த மருந்த உனக்கு யார் குடுத்தாங்கன்னு உண்மையச் சொன்னா, தடையக் கொறைக்கலாம்னு போட்டிருந்துச்சு. பதில் எழுத இத்தன நாள் டைம்னு போட்டிருந்துச்சு.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"கீழ அட்ரஸ், கையெழுத்து. அவ்வளவுதான்."

அப்படிச் சொன்னேன் சார். வாய் கொழறல. அப்புறம் அவளுக்காக நானே பதில் எழுதுனேன். சத்துக் கொறைவுக்குக் கடையில மருந்து வாங்கிச் சாப்பிட்டேன், எந்தக் கடைன்னு ஞாபகம் இல்ல, மன்னிக்கணும்னு எழுதி, "இங்க கையெழுத்துப் போடு"ன்னேன். என்ன எழுதியிருக்குன்னு கேக்கல. போட்டா. ஆறு வருஷம் ஹாஸ்டல்ல இருந்தும் அவ கையெழுத்து சின்னப் புள்ளைங்க எழுதற மாதிரி ஒவ்வொரு எழுத்தாத்தான் இருக்கும்.

நானும் அப்ப சின்ன வயசுதானே சார். இருவத்தஞ்சு. வேலை போயிருந்தா நான் மலையில என்ன செய்வேன்? எனக்கு மரவள்ளி வெட்டக்கூட மறந்து போச்சு.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. பரவால்ல.

அவ மலைக்கே திரும்பிப் போயிட்டா. நாலு வருஷம். கெழங்கு வெட்டறா, நூறு நாள் வேலைக்குப் போறா. ஊர்ல ஊசிக்காரின்னு பேரு. நான் ஊருக்குப் போனப்ப என் காதுபடவே சொன்னாங்க. "உன்னால அந்தப் புள்ளைய அடக்க முடியலையாப்பா?"ன்னு என்கிட்டயே கேட்டாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அவ பண்ணுனதுக்கு நான் வெக்கப்படறேன்னு நெனச்சுக்கிட்டாங்க.

அதெல்லாம் கூட அவ தாங்கிக்கிட்டா. சித்தப்பாதான். சந்தையில ஒருத்தன் அவரப் பாத்து என்னமோ சொல்லிட்டான். அன்னிக்கு வந்து ஒக்காந்தவரு, மகளோட பேச்ச நிறுத்திட்டாரு. சோறு வேணும்னா ஆட்டப் பாத்துச் சொல்வாராம். "பசிக்குது"ன்னு ஆட்டுகிட்ட சொல்வாராம், இவ எடுத்து வெப்பாளாம். நாலு வருஷம் சார், ஒரே வீட்டுல.

போன மாசம் தடை முடிஞ்சுது. முடிஞ்சுதா இல்லையான்னு தெரிஞ்சுக்க, செவந்தி அந்தப் பழைய லெட்டர எடுத்துக்கிட்டு, ஊருக்கு வர்ற நர்சம்மாகிட்ட போயிருக்கா. அந்த அம்மா ரெண்டு பக்கத்தையும் படிச்சுச் சொல்லிட்டாங்க.

எனக்குப் போன் வந்துச்சு.

"அண்ணா, ரெண்டாவது பக்கத்துல அட்ரஸ் மட்டும் இல்லையாமே."

திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா தேவல.

"டெல்லிக்கெல்லாம் எழுத வேணாம். உன் வேலை இருக்கட்டும். ஊர்லயும் சொல்ல வேணாம். அப்பாகிட்ட மட்டும் வந்து சொல்லிடு. அவரு ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும்"னா.

எவ்ளோ சின்ன விஷயம் பாருங்க சார். ஒரு கெழவன்கிட்ட ஒரு வார்த்தை. வரேன்னு சொன்னேன். அதுக்குத்தான் இன்னிக்குக் காலைல மேல போனேன்.

வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டேன். சித்தப்பா, ஊசி போட வெச்சது நான்தான். சித்தப்பா, அவளுக்குத் தெரியாது. இப்படி அப்படின்னு மாத்தி மாத்தி. வீட்டுக்குப் போனா அவரு கட்டில விட்டு எந்திரிச்சு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சிருந்தாங்க. அவ வெச்சதுதான். இலை போட்டா. எதிர்ல ஒக்காந்து, "நல்லாச் சாப்புடு கரியா"ங்கறாரு சித்தப்பா. "நீ ஒருத்தன்தான்டா நம்ம வீட்டு மானத்தக் காப்பாத்துன"ங்கறாரு.

அவ கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தா. கையில கொழம்புச் சட்டி. என்னையே பாத்துக்கிட்டு நின்னா. ஊசி போட்டப்ப பாத்தாளே, அதே பார்வை. ஒண்ணும் ஆகாதில்லன்னு கேக்கற மாதிரி.

நான் சாப்ட்டேன் சார். ரெண்டாவது தடவ சோறு வாங்கிச் சாப்ட்டேன். அவரு மழையில்லாததப் பத்திப் பேசுனாரு, நானும் மழையப் பத்திப் பேசுனேன். கை கழுவுனேன். மணி ரெண்டே முக்கால் ஆயிடுச்சு. "அப்ப வரேன் சித்தப்பா"ன்னேன்.

வாயில வந்துச்சு சார், நெஜமா. ஆனா அவரு அப்படிச் சொன்னதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? வயசானவரு. நெஞ்சு தாங்குமா? அதையும் பாக்கணுமில்ல?

செவந்தி என் பைய எடுத்துக்கிட்டு பஸ் நிக்கற எடம் வரைக்கும் கூட வந்தா. இப்ப மறுபடி ஓடறா போல, காலெல்லாம் எறுகியிருக்கு, பழைய நடை வந்திருக்கு. எனக்குத்தான் மூச்சு வாங்குது, அவ என் வேகத்துக்கு மெதுவா நடந்து வந்தா. பஸ் வந்து நின்னுச்சு. பைய என் கையில குடுத்தா.

"நாலரைக்கு ஒரு பஸ் இருக்குண்ணா"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. டிரைவர் ஹாரன் அடிக்கறாரு. அவ அப்படியே நிக்கறா. நான் இதுல ஏறிட்டேன்.

சொல்லுவேன் சார். சொல்லாம இருக்க மாட்டேன். பொங்கலுக்கு வருவேன்ல, அப்பச் சொல்லிடுவேன். நான் கெட்டவன் இல்ல, கெட்டவனா இருந்தா உங்ககிட்ட இவ்ளோ சொல்லியிருப்பனா? சொன்னதுல நெஞ்சுக்குக் கொஞ்சம் லேசா இருக்கு.

ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க திங்கக்கெழமை திரும்ப மலைக்குப் போவீங்கல்ல. சித்தப்பா வீடு உங்க பள்ளிக்கூடத்துக்குப் பின்னால, ஓடை எறங்குனதும் மொத வீடு. வாத்தியார் சொன்னா அவரு நம்புவாரு. நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்களேன். அந்தப் புள்ள மேல தப்பில்லைன்னு மட்டும் சொன்னாப் போதும். யாரோ ஒருத்தன் போட வெச்சான்னு சொல்லுங்க. என் பேரு வேணாம். அதுதான் எல்லாருக்கும் நல்லது, யோசிச்சுப் பாருங்க.

என்ன சார், எந்திரிச்சுட்டீங்க? ஆத்தூர் இன்னும் வரலையே.

முன்னாடி சீட்டு காலியா இருக்கா? சரி, போங்க சார். அங்க காத்து நல்லா வரும்.